கம்பம் உயர்ந்தால் போதுமா?

ஐதராபாத்தில் தார்நாகா என்று ஒரு பகுதி இருக்கிறது. உருது மொழியில் ‘தார்’ என்றால் கம்பி. ‘நாகா’ என்றால் காவல் சாவடி. 1980-களில் அந்தப் பெயர் அந்தப் பகுதிக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியது. எந்த மொட்டை மாடியைப் பார்த்தாலும் ஒரு கம்பம் நின்றது. கம்பத்தின் உச்சியில் மீன் முள் போல அலுமினியக் கம்பிகள் இருந்தன. அதுதான் டி.வி. ஆண்டெனா.

தார்நாகாவிலும் பக்கத்தில் லாலாகுடாவிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்தன. ரயில்வே வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். ஆராய்ச்சிக் கூடங்களில் வேலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். ஐதராபாத்தில் தூர்தர்ஷன் நிலையம் 1977-இல் தொடங்கியது. அது இருப்பது ராமந்தாபூரில். தார்நாகாவிலிருந்து சில கிலோமீட்டர்தான். தெலுங்கு, உருது, இந்தி நிகழ்ச்சிகள் அதில் வந்தன. தமிழ் வரவில்லை. ஞாயிறு மதியம் தேசிய ஒளிபரப்பில் பல மொழிப் படங்கள் காட்டினார்கள். தமிழின் முறை எப்போதாவதுதான் வந்தது.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே ‘ஒளியும் ஒலியும்’ உண்டு. ஊருக்குப் போய் வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். கேட்பவர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

ஒரு பெண் ஆண்டெனா கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரும் தமிழர்.

“அண்ணே, பெரிய ஆண்டெனாவா ஒண்ணு போட்டா மெட்ராஸ் தெரியுமா?”

“தெரியாதும்மா. காசு வீணாப் போகும்.”

“கம்பத்தை நல்லா உசரமா நட்டா?”

“எவ்வளவு உசரம் நடுவீங்க?”

நல்ல கேள்விதான். எவ்வளவு உயரம் நட வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடற்கரையில் நின்று பாருங்கள். தூரத்திலிருந்து பாய்மரத் தோணி வருகிறது. முதலில் பாயின் உச்சி தெரியும். பிறகு பாய் முழுவதும் தெரியும். கடைசியில்தான் தோணியின் உடல் தெரியும். ஏன்? பூமி உருண்டை. அதன் வளைவு தோணியின் கீழ்ப்பாகத்தை மறைக்கிறது. கரையில் உள்ள கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்த்தால் இன்னும் தூரத்தில் உள்ள தோணியும் தெரியும்.

டி.வி. அலையும் ஏறக்குறைய நம் பார்வை போலத்தான் போகும். நேராகப் போகும். பூமியை ஒட்டிக் கொஞ்சம்தான் வளையும். கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தரை சமமாக இருந்தால் அது இப்படி வரும்:

உயரம் 4 மீட்டர் என்றால் சுமார் 8 கிலோமீட்டர்.
உயரம் 16 மீட்டர் என்றால் சுமார் 16 கிலோமீட்டர்.
உயரம் 64 மீட்டர் என்றால் சுமார் 33 கிலோமீட்டர்.
உயரம் 150 மீட்டர் என்றால் சுமார் 50 கிலோமீட்டர்.

இதைக் கவனமாகப் பாருங்கள். உயரம் நான்கு மடங்கு ஆகிறது. தூரம் இரண்டு மடங்குதான் ஆகிறது. கம்பத்தின் விலையோ உயரத்தோடு ஏறிக்கொண்டே போகும். காற்றில் அது விழும் பயமும் கூடும்.

ஒளிபரப்புக் கோபுரத்துக்கு ஒரு தூரம் உண்டு. நம் வீட்டு ஆண்டெனாவுக்கும் ஒரு தூரம் உண்டு. இரண்டையும் கூட்ட வேண்டும். கோபுரம் 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் தூரம் 50 கிலோமீட்டர். நம் ஆண்டெனா தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தூரம் 13 கிலோமீட்டர். மொத்தம் 63 கிலோமீட்டர். அதற்கு அப்பாலும் கொஞ்ச தூரம் படம் மங்கலாகத் தெரியும். நல்ல ஆண்டெனா உதவுவது அந்த இடத்தில்தான்.

தார்நாகாவுக்கும் சென்னைக்கும் நடுவே வான்வழித் தூரமே 500 கிலோமீட்டருக்கு மேல். வழியில் நல்லமலைக் குன்றுகள் வேறு. குன்றுகளை விட்டுவிடுவோம். பூமியின் வளைவை மட்டும் தாண்டவே தார்நாகாவில் சுமார் 12 கிலோமீட்டர் உயரக் கம்பம் நட வேண்டும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரமே 8,849 மீட்டர்தான். அதாவது 9 கிலோமீட்டர்கூட இல்லை. கடைக்காரர் சொன்னது சரிதானே?

கோடை மாதங்களில் சில நாள் ஒரு வேடிக்கை நடக்கும். எங்கோ தொலைவில் உள்ள நிலையம் சில நிமிடம் தெரியும். பிறகு மறைந்து போகும். வானில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற ஒரு படலம் உண்டாவதே காரணம். அலை அதில் பட்டுத் திரும்பித் தரைக்கு வருகிறது. அதை நம்பி ஆண்டெனா வாங்க முடியாது.

சரி, தூரத்து நிலையத்தை யாருமே பார்க்கவில்லையா? பார்த்தார்கள். ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் பார்த்தார்கள். இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சி 1982 பிப்ரவரி 15-இல் தொடங்கியது. தமிழ்நாட்டுத் தென்கடற்கரை ஊர்களில் அதற்காகவே உயரமான கம்பங்கள் நட்டார்கள். பூஸ்டர் பொருத்தினார்கள். சென்னை தெரியாத வீட்டில் இலங்கை தெரிந்தது. யாழ்ப்பாணத்திலும் இப்படித்தான். அங்கே இந்தியாவின் தூர்தர்ஷனைப் பார்த்தார்கள். அலைக்குக் கடவுச்சீட்டு ஏது?

இதற்கு இரண்டு காரணங்கள். முதல் காரணம் மலை. ரூபவாகினியின் முக்கிய ஒளிபரப்புக் கோபுரம் பீதுருதாலகால மலையில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலை அது. உயரம் 2,524 மீட்டர். நம் கணக்குப்படி அங்கிருந்து கிளம்பும் அலை 200 கிலோமீட்டருக்கு மேல் எட்டும். ராமேசுவரம் அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். மீதித் தூரத்துக்குக் கடல் உதவியது. அதுதான் இரண்டாவது காரணம். கடல்மேல் ஈரமான குளிர் காற்று படிந்திருக்கும். அதற்கு மேல் உலர்ந்த சூடான காற்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே அலை குழாயில் ஓடும் தண்ணீர் போல வளைந்து ஓடும். ஆனால் காற்று தினமும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் ஒரு நாள் படம் கண்ணாடி போலத் தெரியும். மறுநாள் வெறும் புள்ளிதான். பாதி கிரிக்கெட் ஆட்டத்தில் படம் போய்விட்டால் வீட்டில் ஒருவர் மாடிக்கு ஓடுவார். கம்பத்தைத் திருப்புவார். “தெரியுதா? தெரியுதா?” என்று கத்துவார். பாவம், அவர் திருப்பியும் பயன் இருக்காது. மாறியது காற்று.

பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. மலையின் உயரம் சுமார் 2,100 மீட்டர். தென் மாவட்டங்கள் பலவற்றுக்கு ஒரே கோபுரத்திலிருந்து படம் கிடைத்தது. உயரம் வேண்டியது வீட்டில் அல்ல, ஒளிபரப்பும் இடத்தில்.

இனி ஆண்டெனாவைப் பார்ப்போம். மீன் முள் போன்ற அந்த ஆண்டெனாவுக்கு யாகி என்று பெயர். 1926-இல் ஜப்பானில் உடா, யாகி என்ற இருவர் அதைப் பற்றி உலகுக்குச் சொன்னார்கள். உடாதான் அதிகம் உழைத்தவர் என்பார்கள். பெயர் என்னவோ யாகிக்குப் போய்விட்டது.

யாகியில் ஒரு கம்பி மட்டும் வளையம் போல மடிந்திருக்கும். டி.வி.க்கு வரும் வயர் அதில்தான் இணையும். அதற்குப் பின்னால் சற்று நீளமான கம்பி ஒன்று உண்டு. அது கண்ணாடி போல அலையைத் திருப்பி அனுப்பும். முன்னால் உள்ள கம்பிகள் சிறியவை. அவை அலைக்கு வழி காட்டும். சிறிய கம்பி உள்ள பக்கம்தான் நிலையத்தைப் பார்க்க வேண்டும்.

கம்பியின் நீளமும் முக்கியம். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு நீளம் உண்டு. சில சேனல்களுக்கு இரண்டரை மீட்டர் நீளக் கம்பி வேண்டும். சிலவற்றுக்கு முக்கால் மீட்டர் போதும். எந்த சேனல் என்று கேட்காமல் ஆண்டெனாவை எடுத்து நீட்டும் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

கம்பிகள் அதிகம் இருந்தால் படம் தெளிவாகுமா? ஓரளவு ஆகும். கம்பிகளை இரண்டு மடங்காக்கினால் பிடிக்கும் வலிமை அதிகம் போனால் இரண்டு மடங்கு ஆகும். சென்னையின் அலையோ தார்நாகாவுக்கு வருவதற்குள் பல லட்சம் மடங்கு தேய்ந்துவிடும். இரண்டு மடங்கு எதற்குக் காணும்?

பூஸ்டர் அலையைப் பெரிதாக்கும். அதோடு புள்ளிகளையும் பெரிதாக்கும். எனவே அதைக் கம்பத்தின் உச்சியில், ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் பொருத்த வேண்டும். வயரில் அலை தேய்வதற்கு முன்பே அது பெரிதாகிவிடும். டி.வி. பக்கத்தில் வைத்தால் பயன் குறைவு. நிலையத்துக்கு அருகில் உள்ள வீட்டுக்குப் பூஸ்டரே கூடாது. தார்நாகா அப்படிப்பட்ட இடம். அங்கே ராமந்தாபூர் நிலையத்துக்குச் சிறிய ஆண்டெனாவே போதுமாக இருந்தது. பூஸ்டர் வைத்தால் அலை அளவு மீறிப் படம் கெடும்.

தார்நாகாவுக்குத் தமிழ் கடைசியில் எப்படி வந்தது? கம்பத்தால் வரவில்லை. செயற்கைக்கோளால் வந்தது. 1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. தொடங்கியது. கேபிள்காரர் பெரிய தட்டு வைத்து அலையைப் பிடித்தார். தெருத் தெருவாக வயர் இழுத்தார். மாதம் பணம் வாங்கினார்.

தரைக் கோபுர ஒளிபரப்பை தூர்தர்ஷன் படிப்படியாகக் குறைத்தது. 2022-க்குள் நாட்டின் பழைய முறைக் கோபுரங்களில் மிகச் சில தவிர மற்றவை நிறுத்தப்பட்டன. ஆகவே ‘இந்தச் சின்ன ஆண்டெனாவை வைத்தால் நூறு சேனல் இலவசம்’ என்று யாராவது விற்றால், “எந்தக் கோபுரத்திலிருந்து வருகிறது?” என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் பணத்தை மடியில் முடிந்துகொண்டு வாருங்கள்.

மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்க தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் அது தொடங்கியது. தட்டும் பெட்டியும் வாங்கும் செலவு மட்டும் உண்டு. தூர்தர்ஷனின் தமிழ் சேனலும் அதில் வருகிறது. செயற்கைக்கோள் பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதற்கு முன்னால் உங்கள் கம்பம் 3 மீட்டரா 10 மீட்டரா என்பது ஒரு பொருட்டே இல்லை. தட்டைத் தரையிலேகூட வைக்கலாம். தார்நாகாவில் தென்கிழக்கு வானம் திறந்திருக்க வேண்டும். நடுவே மரமோ தண்ணீர்த் தொட்டியோ பக்கத்து வீட்டு மாடியோ இருக்கக் கூடாது.

பழைய கம்பம் இன்னும் மாடியில் நிற்கிறதா? துணி காயப்போடும் கொடி அதில் கட்டியிருக்கிறதா? அடிப்பக்கம் துருப்பிடித்திருந்தால் கழற்றிவிடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்சாரக் கம்பியைத் தொடுமா? தொடும் என்றால் நீங்கள் அதில் கை வைக்காதீர்கள். மின் வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகு, வேலை தெரிந்தவர் கழற்றட்டும். அலுமினியமும் இரும்பும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பம் கம்பியில் பட்டால் பிடித்திருப்பவரால் கையை எடுக்கக்கூட முடியாமல் போகலாம். மழையிலும் இடி நேரத்திலும் மாடிக்கே போக வேண்டாம். தொடாது என்றாலும் ஒருவராகக் கழற்றாதீர்கள். இரண்டு பேர் வேண்டும். கம்பத்தைக் கயிற்றால் கட்டி மெல்ல இறக்குங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. கோபுரம் 64 மீட்டர். வீட்டு ஆண்டெனா 16 மீட்டர். அலை எத்தனை கிலோமீட்டர் எட்டும்?

2. ஆண்டெனாவின் உயரத்தை 4 மீட்டரிலிருந்து 16 மீட்டர் ஆக்கினால் எத்தனை கிலோமீட்டர் கூடும்?

3. உங்கள் வீட்டு மாடியில் கம்பம் இருந்தால் அதன் நீளம் எவ்வளவு? மின்சாரக் கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கீழே நின்றபடியே பார்த்து எழுதுங்கள்.