கரை காக்கும் மணல்

நுழையும்முன்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இங்குக் கடல் இல்லை. ஆயினும் அல்சூர், ஹெப்பாள் போன்ற ஏரிகளின் கரைகளை நாம் கண்டிருப்போம். ஏரிக்கரை உள்ளிருக்கும் நீரைத் தாங்குகிறது. கடலோர நகரங்களிலோ வெளியிலிருந்து வரும் நீரைத் தடுக்கக் கரை எழுப்பப்படுகிறது. புதுச்சேரி நகரின் கரை காக்கப்படும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

புதுச்சேரியின் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கருங்கற்களாலான நெடிய தடுப்பு ஒன்று உள்ளது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் எழுப்பப்பட்ட கடற்சுவரே அதன் தொடக்கம். பிற்காலத்தில் பெரும்பாறைகள் கொட்டப்பட்டு அது வலுப்படுத்தப்பட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, இத்தடுப்பிற்குப் பின்னிருந்த நகரின் மையப்பகுதி பெருஞ்சேதமின்றித் தப்பியது. தடுப்பில்லாத மீனவர் ஊர்களோ உயிர்களையும் படகுகளையும் இழந்தன.

அவ்வாறாயின், கடற்கரை முழுவதும் சுவர் எழுப்பினால் போதாதா? இதற்கு விடை காண மணலின் பயணத்தை அறிதல் வேண்டும்.

இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. அதனால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் அலை அரித்துச் செல்லும் மணலைத் தெற்கிலிருந்து வரும் மணல் ஈடுசெய்கிறது.

1980களின் இறுதியில், நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கு நோக்கி வந்த மணல் அங்கே தேங்கியது. நகரின் மணற்பரப்பு படிப்படியாக மறைந்தது. நகரைக் காக்க மேலும் கற்கள் கொட்டப்பட்டன. கல் அலையைத் தடுக்கும், மணலைத் தாராது. எனவே, கற்குவியல் முடிந்த இடத்திற்கு வடக்கே அரிப்பு தொடர்ந்தது. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் முதலிய ஊர்களின் கரை குறுகியது. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இடமின்றி மீனவர் தவித்தனர். அவர்கள் தூண்டில் வளைவு அமைத்துத் தருமாறு கோரினர். ஆனால், ஓர் ஊரில் மணலைப் பிடித்து நிறுத்தும் தூண்டில் வளைவு அடுத்த ஊருக்குச் செல்லும் மணலைக் குறைத்துவிடும். கடலுக்கு மாநில எல்லை இல்லை.

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வேறொரு வழியை மேற்கொண்டது. 2018-ஆம் ஆண்டு, தலைமைச் செயலகத்திற்கு அருகே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்று மூழ்கவைக்கப்பட்டது. அது அலையின் வேகத்தைத் தணித்தது. துறைமுகத்தில் தூர்வாரப்பட்ட மணலும் கரையோரம் சேர்க்கப்பட்டது. நெடுங்காலம் கற்களையே கண்ட நகர மக்கள் மீண்டும் மணலில் நடந்தனர். எனினும், வடக்கேயுள்ள ஊர்களின் துயர் இன்னும் தீரவில்லை.

நெதர்லாந்து நாட்டின் நிலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு கடல்மட்டத்திற்குக் கீழே உள்ளது. 1953-ஆம் ஆண்டு அங்குக் கரைகள் உடைந்து 1,836 பேர் இறந்தனர். அதன்பின் அந்நாட்டார் கரைகளை உயர்த்தினர். அத்துடன் அமையாது, 2011-இல் கடலோரத்தில் 2 கோடி கனமீட்டருக்கும் மிகுதியான மணலைக் குவித்தனர். அலையும் காற்றும் அம்மணலைக் கரை நெடுகப் பரப்பி வருகின்றன.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. எனவே, கரைகளை உயர்த்தும் தேவை இனிப் பெருகும். நம் ஊரைக் காக்கும் கரை அடுத்த ஊரை அழிக்காதிருக்க வேண்டும், அதுவே நற்கரை.

சொல்லும் பொருளும்

ஆழிப்பேரலை – சுனாமி
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்குமிடம்
தூண்டில் வளைவு – மணல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் அமைக்கும் கற்சுவர்
தூர்வாருதல் – படிந்த மண்ணை அகற்றி ஆழப்படுத்துதல்

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக: ஆண்டின் பெரும்பகுதியில் மணல் ______ இலிருந்து ______ நோக்கி நகர்கிறது.
2. பிரித்து எழுதுக: பெருஞ்சேதம், கடற்சுவர், அம்மணல்.
3. ஏரிக்கரைக்கும் கடற்சுவருக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. ‘கடலுக்கு மாநில எல்லை இல்லை’ – பாடத்தின்வழி விளக்குக.
5. பொம்மையார்பாளையம் மீனவர் ஒருவரும் புதுச்சேரி நகரவாசி ஒருவரும் உரையாடுவதாகப் பத்து வரிகளில் எழுதுக.
6. உம் வீட்டிற்கு அருகிலுள்ள ஏரியின் கரையைப் பெரியோருடன் சென்று கண்டு, மிகுநீர் வெளியேறும் வழியைக் குறித்து வருக.