கொழுந்துக் கூடையோடு ஓரத்தில் நிற்பவர்கள்

கட்டுகஸ்தோட்டை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். பல்கலைக்கழக விடுதியில் சனிக்கிழமை இரவுகளில் படம் போடப் போகிறீர்களாம். படங்களைத் தெரிவு செய்கிற பொறுப்பைச் சிநேகிதிகள் உன் தலையில் கட்டிவிட்டார்களாம். ‘மலைநாட்டுப் படங்கள்’ என்று ஒரு வரிசை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வை. போனில் சொல்லி முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைநாட்டின் அழகைக் காட்டும் படங்களைத் தேடிப் போகாதே. பனியும் பச்சையும் வேண்டுமென்றால் பேராதனையில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஹந்தானை தெரிகிறது. இந்த மலைகளுக்குக் கமெராவைக் கொண்டுவந்தவர்கள் நம் சனத்தை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்ற கேள்வியை வைத்து வரிசையைக் கட்டு. அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தால் ஏற்கெனவே பார்த்த படமும் புதிதாகத் தெரியும்.

முதல் சனிக்கிழமை ‘சோங் ஒஃப் சிலோன்’ போடு. 1934இல் பசில் ரைட் எடுத்தது, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பணம் போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. தேயிலை விற்பதற்கென்று எடுக்கச் சொன்ன படம் அது. ரைட்டோ சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரிகர்களோடு ஏறி, கண்டி நடனக்காரர்களிடம் வந்து முடித்து, விளம்பரத்தைக் கவிதையாக்கிவிட்டார். பின்னால் ஒலிப்பது லயனல் வென்ட்டின் குரல். அவர் வாசிப்பதில் பெரும்பகுதி ரொபர்ட் நொக்ஸ் எழுதியது. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பும்வரை இந்த மலைகளிலேயே காவலில் கிடந்தவர் நொக்ஸ். 1681இல் அவருடைய புத்தகம் லண்டனில் வெளிவந்தது. கைதியாக இருந்த வெள்ளைக்காரரின் எழுத்தை, கொழும்புக் கலைஞர் ஒருவர் தேயிலைப் பணத்தில் வாசிக்கிறார். இதையே அரைமணி நேரம் பேசலாம்.

அந்தப் படத்தின் மூன்றாம் பகுதியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வணிகத்தின் குரல்கள் என்று அதற்குப் பெயர். திரையில் கொழுந்து பறிக்கிற பெண்கள். காதில் விழுவது சந்தை விலைகள், கம்பனிக் கடிதங்களின் ஆங்கிலம், தந்தி தட்டும் சத்தம். விரல் கிள்ளுகிறது, கூடை நிறைகிறது, எங்கோ இருக்கிற ஒரு குரல் விலை சொல்லிக்கொண்டே போகிறது. அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் குரல் கிடையாது. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கங்காணி கூட்டிவந்தான், பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழும்பினார்கள் என்பதொன்றும் படத்துக்குத் தேவைப்படவில்லை. பசில் ரைட் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த விலைகளை அந்த விரல்களின் மேல் கொண்டுபோய் வைத்ததே ஒரு கண்டனம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 1935இல் பிரசெல்ஸ் விழாவில் பரிசு வாங்கியது வீண்போகவில்லை. ஆனாலும் கிராமத்துக்குத் தெய்வத்தையும் ஆட்டத்தையும் நிலத்தையும் கொடுத்த படம், தோட்டத்துக்குக் கூடையை மட்டும் கொடுத்தது. தொண்ணூறு வருடமாகச் சுற்றுலாச் சுவரொட்டிகளில் நாம் பார்த்து வருவதும் அதே பெண்ணைத்தான், அதே கூடையோடு.

‘எலிஃபண்ட் வோக்’ 1954இல் வந்தது. யானைகள் நடந்த பாதையை மறித்துக் கட்டிய துரை பங்களாவின் கதை. விவியன் லீ நடிக்க வந்து, சுகமில்லாமல் போய், எலிசபெத் டெய்லர் அந்த இடத்துக்கு வந்தார். தூரக் காட்சிகள் சிலவற்றில் இன்றும் இருப்பது விவியன் லீதான். சினிமாப் பைத்தியங்கள் இதைச் சொல்லித்தான் சந்தோஷப்படுவார்கள். நீ பார்க்க வேண்டியது வாந்திபேதி பரவுகிற பகுதியை. தொழிலாளர் கூட்டமாகச் சாகிறார்கள், குடிசைகள் எரிகின்றன. ஆனால் நோயும் நெருப்பும் அங்கே வருவது துரைசானி தன் புருஷனை விட்டுப் போவாளா இருப்பாளா என்பதைத் தீர்ப்பதற்குத்தான். செத்தவர்களுக்காக யார் அழுதார்கள் என்று படம் திரும்பிப் பார்க்கவில்லை. முழுப் படத்தையும் போட வேண்டாம், அந்தப் பகுதி போதும்.

‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ (1957) ஏழு ஒஸ்கார் வாங்கிய படம், கித்துல்கலையில் எடுத்தது. அதை வரிசையில் சேர்ப்பதா என்று இரண்டு மனமாக இருந்தேன். சேர்த்துவிடு. களனி கங்கையில் பாலம் கட்டி சயாம்–பர்மா மரண ரயிலைக் காட்டினார்கள். அந்த ரயில் பாதையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரம் பேர் செத்தார்கள். நம்மைப்போலவே கங்காணி கூட்டிப்போன சனம். படத்தில் பிரிட்டிஷ் அதிகாரியின் மானமும் ஜப்பான் அதிகாரியின் மானமும் மோதுகின்றன. அந்தத் தமிழர் ஓரத்தில்கூட இல்லை.

‘டெம்பிள் ஒஃப் டூம்’ உனக்குத் தெரியும், டிவியில் பத்துத் தரம் போட்டிருப்பார்கள். ஸ்பீல்பர்க் 1983 ஏப்ரலில் கண்டிக்கு வந்து படப்பிடிப்பைத் தொடங்கினார். பஞ்சம் பிடித்த இந்தியக் கிராமமாக வருவது ஹந்தானைச் சரிவு. தொங்குபாலம் விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் போட்டது. ‘இந்திய’க் கிராமத்தார் பேசுவது சிங்களம். ஊர்ப் பெரியவராக வருகிற டி. ஆர். நாணயக்கார சிங்கள சினிமாவின் பழம்பெரும் நடிகர். உன் சிங்களச் சிநேகிதிகள் அவரைக் கண்டதும் சந்தோஷப்படுவார்கள், சந்தோஷப்பட வேண்டியதுதான். அந்த வருடம் ஜூலைக் கலவரத்தில் இந்த நாட்டில் தமிழருக்கு என்ன நடந்தது என்பதை அன்றிரவு நீ சொல்ல வேண்டும். ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவே மூன்று மாதம்தான்.

இனி நம் நாட்டில் எடுத்தவற்றுக்கு வருகிறேன். பிரசன்ன விதானகேயை விட்டு இந்த வரிசையைக் கட்ட முடியாது. ‘காடி’ (2019) 1814ஆம் ஆண்டுக் கண்டி இராச்சியத்தில் நடக்கிறது. பிரபுக் குடும்பத்துப் பெண்ணொருத்தி, சாவதா, ஒடுக்கப்பட்ட ரொடியாச் சாதியில் ஒருவனோடு போவதா என்று நிறுத்தப்படுகிறாள். அது தேயிலைக்கு முந்திய கண்டி. நேரமிருந்தால் போடு.

‘ஒப நத்துவ ஒப எக்க’ (2012) கட்டாயம் போட வேண்டியது. தஸ்தயேவ்ஸ்கியின் குறுங்கதையொன்றை எடுத்து மலைநாட்டுச் சிறுநகரில் நட்டிருக்கிறார். சரத்சிரி அடகுக்கடைக்காரன். செல்வி வடக்கிலிருந்து வந்து இங்கே ஒண்டியிருக்கிற தமிழ்ப்பெண். நகையைக் கொண்டுவந்து வைக்கிறவளும் வாங்கிப் பார்க்கிறவனும் கல்யாணம் செய்கிறார்கள். அவன் முன்பு இராணுவத்தில் இருந்தவன் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அவன் டிவியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருக்கிற இரவுகளைக் கவனி. ஒரே அறை, ஒரே சம்பளக் கணக்கு, பேச ஒன்றுமில்லை. யுத்தம் முடிந்த பிறகு இந்த நாடு எப்படி இருந்தது என்பதை அந்த அறையைவிட நன்றாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீலுக்குக் கோவா சர்வதேச விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. 2014இல் சென்னையில் இந்தப் படத்தைத் திரையிட்டபோது மிரட்டல் வந்து எடுத்துவிட்டார்கள். படத்தைப் பார்த்திருந்தால் அந்த மிரட்டல் வந்திருக்காது என்பது என் நம்பிக்கை.

எல்லாவற்றுக்கும் மேலாக ‘பரடைஸ்’. 2023 பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கியது, மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ் வழங்கியது. பெற்றோல் வரிசையும் போராட்டமுமாக இருந்த 2022இல் கேரளத்துத் தம்பதி கேசவும் அம்ரிதாவும் இராமாயணத் தலங்கள் பார்க்க மலைநாட்டுக்கு வருகிறார்கள். பங்களாவில் தங்குகிறார்கள். இரவில் திருடர் வந்து போனையும் லப்டொப்பையும் கொண்டுபோகிறார்கள். பொலிசார் மூன்று தோட்டத்து இளைஞர்களைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை என்பது கேசவுக்கே தெரியும். ஆனாலும் இவர்கள்தான் என்று சொல்லிவிடுகிறான். அவனுக்கு வேண்டியது லப்டொப். சார்ஜன்ட் பண்டாரவுக்கு வேண்டியது வழக்கு முடிவது. அடிபட்ட ஒருவன் சாகிறான்.

மகளே, அந்த அடையாள அணிவகுப்பில் நிற்கிற முகங்களைப் பார். ஆளுக்கு நாலு வசனம்கூட இல்லை. நம் ஆட்கள் அந்தப் படத்திலும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள், ஆனால் ஓரத்தில் நிறுத்தப்படுவதையே விதானகே கதையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ராஜீவ் ரவியின் கமெரா மலையை அழகாகக் காட்டக் காட்ட நமக்கு வயிறு கலங்குகிறது. வரிசையில் ஒரு படம் மட்டும்தான் போட முடியும் என்று வந்தால் இதைப் போடு.

கடல் தாண்டி இரண்டு படம். பாலாவின் ‘பரதேசி’ (2013), பி. எச். டேனியல் என்ற மருத்துவர் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’ நாவலிலிருந்து வந்தது. தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று இரா. முருகவேள் மொழிபெயர்த்திருக்கிறார். வால்பாறைப் பக்கத்துக் கதைதான், ஆனால் முன்பணம் கொடுத்து ஆள்பிடிக்கிற கங்காணியும், கணக்குத் தீராத கடனும், நடந்தே மலையேறிய சனமும் நம் வீட்டுக் கதை. வழியில் விழுந்தவரை விட்டுவிட்டு நடக்கிற அந்த நெடும்பயணத்தைப் பார்க்கும்போது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோரை நினைக்காமல் இருக்க முடியாது. 2023இல் மலையகம் 200ஐ ஒட்டி நம்மவர்கள் அந்த வழியை மறுபடி நடந்தார்களே, அதே வழி. மருத்துவரும் அவர் மனைவியும் ஆடிப்பாடி மதம் பரப்புவதாக வருகிற பகுதி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தொழிலாளருக்காக உழைத்த ஒரு மருத்துவரின் நூலுக்கு அது அநியாயம். முதலில் புத்தகத்தை வாசி, பிறகு படத்தைப் போடு.

மற்றது லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). ஏலக்காய் மூட்டை சுமக்கிற ரங்கசாமி ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறான். அவ்வளவுதான் கதை. லயக் காம்பிராவில் பிறந்து, ஏழு பேர்ச் காணிக்காகத் தேர்தலுக்குத் தேர்தல் காத்திருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றச் சிநேகிதிகளுக்கு நீ விளக்கு.

விளக்குவது பற்றி ஒரு வார்த்தை. உன்னோடு உட்கார்ந்து பார்க்கிறவர்களில் பாதிப்பேர் சிங்களப் பிள்ளைகள். நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வளர்ந்தும் லயத்துக்குள் ஒருநாளும் வந்திராதவர்கள் அவர்களில் நிறைய. அது அவர்களின் குற்றமில்லை. கோபத்தை விடுதிக்குள் கொண்டுபோகாதே, தெரிந்ததைக் கொண்டுபோ. பல்கலைக்கழகத்துக்கு நடுவே ஓடுகிற கலஹா ரோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை பஸ்ஸில் ஏற்று. கலஹா, தெல்தோட்டை தாண்டினால் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதன்முதல் தேயிலை போட்ட லூல்கந்துரை. டெய்லருக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. அவர் காட்டிய இடத்தில் காடு வெட்டிக் கன்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மலையில் கொழுந்தெடுக்கிறார்கள். அவர்களோடு ஒரு மணி நேரம் பேசச் சொல். ‘பரடைஸ்’ அதற்குப் பிறகு போடு.

வரிசையில் ஒரு சனிக்கிழமையை ‘புதிய காற்று’க்கு ஒதுக்கி வை. 1975இல் வந்தது. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடித்தார், எஸ். வி. சந்திரன் இயக்கினார், எழுத்தில் தெளிவத்தை ஜோசப்பின் கை இருந்தது. தோட்டத்து ஆள் கதாநாயகனாக நடுவில் நின்ற படம். அப்போது நான் சின்னப்பிள்ளை. தோட்டத்திலிருந்து லொறி பேசிக்கொண்டு சனம் டவுனுக்குப் போய்ப் பார்த்தது. கண்டியில் இருந்த இந்தியத் தூதரகக் கிளையில் பாஸ்போட் வாங்கி, தலைமன்னார்க் கோச்சிக்குக் காத்திருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்குப் பெட்டி கட்ட வைத்திருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி திரையில் வந்தவர்களை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். யாரும் அவரை அதட்டவில்லை.

அந்தப் படத்தை இன்று உனக்குக் காட்ட என்னிடம் பிரதி இல்லை. 83 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த, படத் தயாரிப்பாளர் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது, சிங்களப் படச்சுருள்களும் அந்த நெருப்பில் சேர்ந்தே போயின. இலங்கைத் தமிழ்ப் படங்களைப் பேணி வைக்கவும் அதற்குப் பிறகு எவரும் முறையாக முன்வரவில்லை. வெள்ளைக்காரன் எடுத்த கொழுந்துக்காரி தொண்ணூறு வருடமாகப் பத்திரமாக இருக்கிறாள், நாம் எடுத்ததை நாம் தேடிக்கொண்டு திரிகிறோம்.

உங்கள் நூலகத்திலும், தமிழ்த்துறை ஆசிரியர்களிடமும், கொழும்பில் படித்த சிநேகிதிகளின் வீடுகளிலும் விசாரி. வீடியோ நாடாவாக இருந்தாலும் சரி, பாதி தேய்ந்ததாக இருந்தாலும் சரி. கிடைத்தால் உடனே எனக்கு அறிவி, அந்தச் சனிக்கிழமை நானும் விடுதிக்கு வந்து உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா