கோபத்துக்கு எதிர்கொண்டு போனவள்

வேதபகுதி: 1 சாமுவேல் 25:2-38



கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ளது மத்தூர். இவ்வூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பிழைப்புக்காகவும் சிகிச்சைக்காகவும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள் அநேகர். அவர்களுக்கு மாநில எல்லை என்பது பஸ் கடந்துபோகும் ஓர் இடம், அவ்வளவுதான். ஆனால் காவிரித் தண்ணீரைக் குறித்துக் கோபம் மூளும் நாட்களில் அந்த எல்லையே மதிலாகிவிடுகிறது.

1991 ஜூன் மாதம் காவிரி நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி தண்ணீர் கிடைக்க இடைக்கால உத்தரவிட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கான தமிழர் வீடுவாசலை விட்டு ஓடிவந்தார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று அங்கே மறுபடியும் பஸ்களும் லாரிகளும் எரிந்தன. அதே நாளில் சென்னையில் கர்நாடகத்தாருக்குச் சொந்தமான ஓர் ஓட்டல்மேல் பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. பஸ்கள் நின்றுபோகவே, மக்கள் மூட்டை முடிச்சுகளோடு, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தே வந்தார்கள்.

தண்ணீரைப் பங்கிடும் அதிகாரம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆனாலும் அடி அவர்கள்மேல் விழுந்தது.

நாபாலின் வீட்டிலும் இதுவே நடக்கவிருந்தது. வனாந்தரத்தில் அவன் ஆடுகளுக்குக் காவலாயிருந்த தாவீது, ஆட்டுமயிர் கத்தரிக்கும் பண்டிகை நாளில் ஆகாரம் கேட்டு ஆளனுப்பினான். நாபாலோ தாவீதை ஓடிப்போன வேலைக்காரனுக்கு ஒப்பிட்டு அவமதித்தான். தாவீது 400 பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். அவமதித்தவன் ஒருவன், சாகவிருந்தவர்களோ அந்த வீட்டு ஆண்மக்கள் அனைவரும். தாவீதைப்பற்றி நற்சாட்சி சொன்ன வேலைக்காரனும் அவர்களில் ஒருவன்! அந்த நேரத்தில் அபிகாயில் செய்த நான்கு காரியங்களைக் கவனியுங்கள்.

1. தாமதிக்கவில்லை. ஒரு வேலைக்காரன் வந்து சொன்ன எச்சரிப்பை அவள் அற்பமாய் எண்ணாமல் உடனே புறப்பட்டாள். பட்டயம் உருவப்பட்ட பின்பு சமாதானம் பேச இடமிராது.

2. வெறுங்கையோடு போகவில்லை. அப்பமும் சமைத்த ஆட்டிறைச்சியும் அத்திப்பழ அடைகளும் கழுதைகள்மேல் அவளுக்கு முன்னே சென்றன. கோபத்துக்கு அடியில் ஒரு குறை இருக்கிறது என்பதை அவள் அறிந்திருந்தாள். மருத்துவமனை ஊழியருக்கும் இது தெரியும். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவரும் உறவினர் சத்தம் போடுவார். அந்தச் சத்தத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பயம். எதிர்த்துச் சத்தமிடுவதைவிட, நோயாளியின் நிலையைத் தெளிவாய்ச் சொல்வதே அவரை அமர்த்தும்.

3. உண்மையை மறைக்கவில்லை. தன் புருஷனின் புத்தியீனத்தை ஒத்துக்கொண்டாள். தாவீதுக்கும் உண்மையைச் சொன்னாள்: நாளை அரசனாகும்போது, வீணாய்ச் சிந்திய இரத்தம் உன் மனதை உறுத்தும் என்று உணர்த்தினாள். தாவீது அதைக் கேட்டுத் தேவனைத் துதித்துத் திரும்பினான்.

4. பேசக் காலம் பார்த்தாள். வீடு திரும்பியபோது நாபால் வெறித்திருந்தான். பொழுது விடியுமட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாவீதிடம் விரைந்து பேசியதும் ஞானம். நாபாலிடம் காலைவரை பேசாதிருந்ததும் ஞானம்.

நம் காலத்திலும் இவ்விதம் எதிர்கொண்டு போனவர்கள் உண்டு. 2003-ம் ஆண்டு, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் ஜனகராஜனின் முயற்சியால், இரு மாநில விவசாயிகளும் ஒன்றாய் அமர்ந்தார்கள். தங்களுக்குக் 'காவிரி குடும்பம்' என்று பெயரிட்டார்கள். டெல்டா விவசாயிகள் கர்நாடகத்துக்குப் போனார்கள். அங்குள்ளவர்கள் டெல்டாவுக்கு வந்தார்கள். வறட்சி அடுத்தவன் வயலையும் வாட்டுகிறது என்பதைக் கண்ணால் கண்டார்கள்.

இதனால் வழக்கு முடிந்துவிடவில்லை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம்தான் பங்கைத் தீர்த்துச் சொன்னது. 2016-ன் தீயையும் அந்தச் சந்திப்புகள் தடுத்துவிடவில்லை. அப்படியானால் அது வீண் முயற்சியா? அல்ல. சமாதானம் பண்ணுகிறவன் தன் பக்கத்து நியாயத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வழக்கு நீதிமன்றத்தில் நடக்கட்டும், அயலான் பகைவனாகாதிருக்கட்டும். நாபாலின் நியாயத்தீர்ப்பும் தாவீதின் கையில் அல்ல, கர்த்தரின் கையில்தான் இருந்தது.

பிரியமானவர்களே, ஏழை நோயாளிகளுக்காக நீங்கள் அன்போடு காணிக்கை கொடுக்கிறீர்கள். மத்தேயு 5:23, 24-ல் ஆண்டவர் காணிக்கைக்கு முன்பாக ஒன்றை வைக்கிறார். சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொல்லுகிறார். அவன் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை.

சிந்திக்க:

பாகப்பிரிவினையிலோ சபைக் காரியத்திலோ பேச்சு நின்றுபோன ஒருவர் எனக்கு உண்டா? அவருடைய கோபத்துக்கு அடியில் உள்ள குறை என்ன? இந்த வாரத்தில் நான் என்ன எடுத்துக்கொண்டு அவரை எதிர்கொண்டு போவேன்?

ஜெபிப்போம்:

ஆண்டவரே, சரியான வேளையில் புறப்படவும், சரியான வேளையில் மவுனமாயிருக்கவும் எங்களுக்கு ஞானம் தாரும். எல்லையின் இருபுறத்திலும் உள்ள எளியோரைக் காத்தருளும். ஆமென்.