நீதம் இல்லாத ஒற்றுமை நிலைக்குமா?

ஊரில் ஒரு வழக்கு எழுந்தால், பெரியவர்கள் வாயிலிருந்து முதலில் வரும் சொல், "சண்டை வேண்டாம், ஊர் ஒற்றுமையாய் இருக்கட்டும்" என்பதே. நல்ல சொல்தான். ஆனால் அது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லைக் கல்லை நகர்த்தி வைத்தவன் எப்போதும் அமைதியாகவே இருக்கிறான். அவனுக்குச் சண்டை தேவையில்லை. நிலத்தை இழந்தவன்தான் குரல் எழுப்புகிறான். ஆகவே, "அமைதியாய் இரு" என்ற புத்திமதி பெரும்பாலும் இழந்தவனுக்கே போய்ச் சேருகிறது.

அப்படியானால் நீதமும் ஒற்றுமையும் ஒன்றுக்கொன்று பகையா? நீதம் கேட்பவன் ஒற்றுமையைக் கெடுப்பவனா? அய்யாவின் மக்கள் தெளிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது.

தென் திருவிதாங்கூரில் இருந்த அமைதி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரை வெளியிலிருந்து பார்த்தவனுக்கு அது அமைதியான நாடாகவே தோன்றியிருக்கும். அரசன் இருந்தான், வரி வசூலானது, கோவில் திருவிழாக்கள் நடந்தன. ஆனால் தாழ்த்தப்பட்ட மக்கள் பொது வழியில் நடக்க முடியவில்லை. பொதுக் கிணற்றில் நீர் எடுக்க முடியவில்லை. தலைக்கு வரி கொடுத்தார்கள். கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தோளில் சீலை போடும் உரிமை இல்லை. அங்கே இருந்தது ஒற்றுமை அன்று. வாய் கட்டப்பட்டவர்களின் மௌனம்.

1833ஆம் ஆண்டு திருச்செந்தூர்க் கடலிலிருந்து விஞ்சை பெற்று எழுந்தருளிய அய்யா வைகுண்டர் அந்த மௌனத்தைக் கலைத்தார். அதற்காக அவர் ஆயுதம் எடுக்கச் சொல்லவில்லை. முத்திரிக்கிணற்றில் எல்லாரும் ஒன்றாய் நீர் இறைத்துக் குளிக்கச் செய்தார். ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணச் செய்தார். தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் செய்தார். சமமாய் நடந்து காட்டுவதே நீதம் கேட்கும் வழியாயிற்று.

அரசு அவரைச் சிறை வைத்தது. தம் சொந்தச் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக ஒப்புக்கொண்டால் விடுதலை என்று கேட்கப்பட்டபோது, அய்யா அதை ஏற்க மறுத்தார் என்பது அய்யாவழி மரபு. இது ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடம். அந்த நிபந்தனையை ஏற்றிருந்தால் சிறைக்கதவு உடனே திறந்திருக்கும். நாடும் "அமைதி"யாய் இருந்திருக்கும். ஆனால் சாதிச் சுவருக்குள் அடங்கிக் கிடக்கும் அமைதியை அய்யா அமைதி என்று எண்ணவில்லை.

அய்யா வைகுண்டம் சென்றது 1851இல். தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் அரசின் உத்தரவு வந்தது 1859இல். அந்த உத்தரவும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியலாம் என்று சொல்லவில்லை. வேறு விதமாய் மறைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னது. அரைகுறை நீதம் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த அனுபவம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. வேறு மொழி, வேறு வழிபாடு, வேறு கண்டம் என்றாலும் மக்கள் இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்கா: உண்மை பேசுதல்

தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் நிறவெறி ஆட்சி சட்டமாய் இருந்தது. 1994இல் எல்லா மக்களும் வாக்களித்து நெல்சன் மண்டேலா தலைவரானார். அப்போது இரண்டு வழிகள் பேசப்பட்டன. குற்றம் செய்தவர் எல்லாரையும் தண்டிப்பது ஒன்று. எல்லாவற்றையும் மறந்துவிடுவது மற்றொன்று. முதல் வழியில் நாடு மீண்டும் ரத்தக்களமாகும் என்று அஞ்சினார்கள். இரண்டாவது வழியில் இழந்தவர்கள் மறுபடியும் மௌனமாக்கப்படுவார்கள்.

ஆகவே 1995இல் ஒரு சட்டம் செய்து, பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை அமைத்தார்கள். ஏறத்தாழ 21,000 பேர் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் ஊரறியப் பேசினார்கள். அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர் முழு உண்மையையும் சொன்னால் மன்னிப்புக் கேட்கலாம் என்று விதி வைத்தார்கள். 7,000க்கும் மேற்பட்டோர் கேட்டதில் 849 பேருக்கே மன்னிப்பு கிடைத்தது. கேட்டவர்க்கெல்லாம் மன்னிப்பு என்ற நிலை அங்கே இல்லை.

ஆயினும் குறை இருந்தது. மன்னிப்பு மறுக்கப்பட்டவர்களில் மிகப் பலர்மீது வழக்கு நடக்கவேயில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் உதவித்தொகை தர ஆணையம் பரிந்துரைத்தது. அரசு 2003இல் ஒரே தடவையாய் 30,000 ராண்ட் என்று முடித்துவிட்டது. உண்மை பேசப்பட்டது, பறிக்கப்பட்டது திரும்பவில்லை. அந்த மனக்குறை இன்றும் அங்கே தீரவில்லை.

ருவாண்டா: இரு பக்கமும் ஒரே தராசு

ருவாண்டாவில் 1994இல் ஏறத்தாழ நூறு நாட்களில் பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பல இடங்களில் பக்கத்து வீட்டார். லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைபட்டிருந்தார்கள். சாதாரண நீதிமன்றங்களால் இவ்வளவு வழக்கையும் ஒரு தலைமுறையில் முடிக்க இயலாது. ஆகவே பழைய ஊர்ப் பஞ்சாயத்து முறையை எடுத்துக்கொண்டார்கள். அதன் பெயர் கச்சாச்சா. புல்தரை என்று பொருள். ஊரார் தேர்ந்தெடுத்த பெரியவர்கள் திறந்த வெளியில் அமர்ந்து விசாரித்தார்கள். உண்மையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டவருக்குத் தண்டனை குறைந்தது. 2012இல் இம்மன்றங்கள் மூடப்படும் வரை ஏறத்தாழ 20 லட்சம் வழக்குகள் தீர்க்கப்பட்டன.

பலர் உறவினரின் எலும்பு கிடக்கும் இடத்தை அங்கேதான் அறிந்துகொண்டார்கள். ஆனால் வென்ற படையினர் செய்த கொலைகள் அந்தப் புல்தரைக்கு வரவில்லை. தராசு ஒரு பக்கம் மட்டும் நிறுத்தால், மறுபக்கத்தில் பேசப்படாத துக்கம் தங்கிவிடும்.

நியூசிலாந்து: பறித்ததைத் திருப்புதல்

நியூசிலாந்தில் வைகாட்டோ பகுதி மாவோரி மக்கள் மீது 1863இல் அரசு போர் தொடுத்தது. பின்பு அவர்களைக் கலகக்காரர் என்று சொல்லி ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நிலத்தைப் பறித்தது. அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாய் ஒன்றையே கேட்டு வந்தார்கள்: போனது நிலம், வர வேண்டியதும் நிலமே. 1995இல் ஒரு சட்டம் வந்தது. போர் தொடுத்ததும் நிலம் பறித்ததும் தவறு என்று அரசு அதிலேயே எழுதி மன்னிப்புக் கேட்டது. ராணி எலிசபெத் நேரில் அச்சட்டத்தில் கையெழுத்திட்டார். நிலமும் பணமுமாய் 17 கோடி டாலர் மதிப்பு திரும்பியது. இழந்ததில் அது சிறு பங்குதான். ஆனாலும் "நாங்கள் கலகக்காரர் அல்ல" என்ற உண்மை சட்டத்தில் ஏறியது. 130 ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு அது பெரிய செல்வம்.

மூன்று படிகள்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒற்றுமைக்கு ஏறும் படிகள் மூன்று என்று விளங்கும். முதற்படி, நடந்த உண்மையை மறைக்காமல் பேசுதல். இரண்டாம் படி, பறித்ததை இயன்றவரை திருப்பித் தருதல். மூன்றாம் படி, அதன்பின் இரு பக்கத்தாரும் ஒரே தரையில் சமமாய் அமர்தல். முதல் இரண்டையும் தாண்டி மூன்றாம் படிக்குத் தாவினால் கால் வழுக்கும். முதற்படியிலேயே நின்றுவிட்டாலும் மேலே போய்ச் சேர முடியாது.

அய்யா தம் மக்களுக்குப் பொறுமையைப் போதித்தார். அதைச் சிலர் தவறாய் எடுத்துக்கொண்டு, "பொறுத்துப் போ" என்று எளியவன் வாயை அடைக்கிறார்கள். பொறுமை என்பது பழிவாங்கத் துடிக்கும் கையை அடக்குவது. உண்மை சொல்லும் நாவை அடக்குவது அன்று. சிறையில் அய்யா பொறுமையாய் இருந்தார். ஆனால் தவறான நிபந்தனைக்கு இணங்கவில்லை. இரண்டும் ஒருவரிடமே இருந்தன.

அதேபோல நீதம் கேட்பவனும் தன் மனத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எதிரியைக் கீழே தள்ளி அவன் இடத்தில் தான் ஏறுவது நீதம் அன்று; அது கலியின் மறுவேடம். கீழே தள்ளப்பட்டவனைத் தூக்கி நிறுத்துவதே தர்மம். அப்படி நிறுத்தியபின் தள்ளியவனுக்கும் பந்தியில் ஓர் இலை இருக்கவே செய்கிறது.

தாங்கலில் பணிவிடை முடிந்து அன்னதர்மம் நடக்கும்போது, வழக்கில் எதிர்நின்ற இருவர் ஒரே வரிசையில் அமர்வதுண்டு. அப்படி அமர்வது நல்லது. ஆனால் உண்டு எழுந்தபின் எல்லைக் கல் பழைய இடத்துக்குத் திரும்பினால்தான் அந்தப் பந்தி முழுமையாகும்.

வீட்டில் கூடியிருந்து சிந்திக்க

1. நம் குடும்பத்திலோ ஊரிலோ "பேசாதே" என்று மூடி வைத்த அநீதி ஏதும் உண்டா? அதனால் மௌனமாய் இருப்பவர் யார்?

2. நம் கையில் பிறருக்குரியது எதுவும் இருக்கிறதா? கேட்டு வருமுன் திருப்பித் தர முடியுமா?

3. நாம் பொறுமை என்று சொல்வது அய்யா காட்டிய பொறுமையா, அல்லது அச்சமா?

அய்யா உண்டு