வால் வரை காத்திருங்கள்

பத்து நாளாக அசையாத எண் அன்றிரவு ஏறியது. பழுப்புக் குப்பியைத் துடைத்து மறுபடியும் ஃப்ளூரோமீட்டரில் வைத்தேன், அதே எண். புவிவெப்பக் களத்தில், குளிர்ந்த நீர் உள்ளே போகும் செலுத்துக் கிணற்றில் இறக்கிய ஃப்ளூரசீன் என்ற சாயம், முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருந்த உற்பத்திக் கிணற்றில் தலைகாட்டிவிட்டது. ‘இவ்வளவு சீக்கிரம் சாயம் வந்ததால் கிணறும் சீக்கிரம் குளிரும்’ என்று அறிக்கை எழுதினேன். மூத்த பொறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “விரிசலின் அகலம் என்ன?” என்னிடம் பதில் இல்லை.

விரிசல் விட்ட பாறையில் சாயம் வேகமாக வருவது இயல்பு. தண்ணீர் ஓடும் சந்து, மொத்தப் பாறையில் மிகச் சிறு பங்குதான். சாயம் அதில் ஓடி வந்துவிடும். குளிர்ச்சி அப்படி வராது. வழிநெடுகச் சுவர்கள் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே குளிர்ச்சி எப்போதும் சாயத்துக்குப் பின்னால்தான். எவ்வளவு பின்னால் என்பதே கேள்வி.

நாளுக்கு நாள் வந்த சாய அளவின் வளைவரை நமக்குத் தருவது, தண்ணீர் ஓடும் சந்தின் பருமனை. அது 1000 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விரிசல் 1 சென்டிமீட்டர் அகலமென்றால் ஒரு பக்கச் சுவரின் பரப்பு 1 லட்சம் சதுர மீட்டர்; 1 மில்லிமீட்டரென்றால் 10 லட்சம். சாயம் வந்துசேரும் நேரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. சூட்டுக்கோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அந்தப் பரப்புக்கான தடயம் வளைவரையின் வாலில் இருக்கிறது. சாயம் பாறையின் நுண்துளைகளுக்குள் ஊறி, பிறகு மெல்லத் திரும்புவதால் வால் நீளும். பக்கத்து மெதுவான விரிசல்களாலும், வெளியேறிய சாயம் மறுபடி செலுத்தப்படுவதாலும் நீளும். இவற்றைப் பிரித்தறிய நீண்ட நாள் மாதிரி வேண்டும். நானோ உச்சம் பாதியாக இறங்கியதும் மாதிரி எடுப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு கணித மாதிரியமைப்புகள் என் புள்ளிகளோடு சமமாகப் பொருந்தின; குளிர்ச்சி பற்றி முற்றிலும் வேறு வேறு கதை கூறின.

வராத சாயமும் ஒரு செய்திதான். பிரான்ஸின் சூல்ட்ஸ் புவிவெப்பக் களத்தில் 2005இல், சுமார் 5 கிலோமீட்டர் ஆழக் கிரானைட்டுக்குள் 150 கிலோ ஃப்ளூரசீன் செலுத்தினார்கள். ஒரு கிணற்றில் ஏறக்குறைய கால் பங்கு திரும்பியது; இன்னொன்றில் சொற்பமே. பெரும்பங்கு பாறைக்குள் எங்கோ பரவிவிட்டது. எனவே சாயம் எப்போது வந்தது என்பதோடு, எத்தனை கிலோ வந்தது என்றும் கணக்கெடுங்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு:

சாயம் இறக்குவதற்குச் சில வாரம் முன்பே பின்னணி அளவை எடுத்துவையுங்கள். பழைய சோதனையின் மிச்சம் ஏமாற்றும்.

குப்பிகளை வெளிச்சம் படாமல் வையுங்கள். வெயில் ஃப்ளூரசீனைச் சிதைக்கும். களத்தின் வெப்பம் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நாஃப்தலீன் சல்ஃபோனேட் வகைகளை நாடுங்கள்.

கிணற்று ஓட்டத்தைத் தினமும் குறியுங்கள். ஓட்டம் மாறினால் பொய்யான உச்சம் தோன்றும்.

குளிர்ச்சிக் கணிப்பை ஒற்றை ஆண்டாகச் சொல்லாதீர்கள். ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். பிறகு கிணற்றின் வெப்பநிலையை அளந்து அந்த வரம்பைத் திருத்திக்கொண்டே வாருங்கள்.

இப்போதெல்லாம் செலவுத் திட்டம் போட உட்கார்ந்தால், கடைசி மாத மாதிரிகளுக்கான தொகையைத்தான் முதல் வரியில் எழுதுகிறேன்.