இன்ஜினைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களின் கால் முதலில் கிக்கரைத்தான் தேடும். ஜாம் ஆகியிருந்தால் முகம் தொங்கிவிடும். 'புடுபுடு'வென்று ஒரு சத்தம் வந்துவிட்டாலோ அங்கேயே அட்வான்ஸ் கை மாறிவிடும். இரண்டுமே அவசரம். சில வண்டிகளை எழுப்பி ஓட்டிய அனுபவத்திலும், சிலவற்றை வேண்டாம் என்று விட்டுவந்த அனுபவத்திலும் சொல்வதென்றால், எடுக்கலாமா விடலாமா என்ற முடிவில் இன்ஜினுக்குக் கடைசி இடம்தான். போர் தேய்ந்திருந்தால் ரீபோர் உண்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு, லேத் பட்டறை உண்டு. ஆர்.சி. தொலைந்து, உரிமையாளர் காலமாகி, வாரிசுகள் நாலு ஊரில் ஆளுக்கொரு மனஸ்தாபத்தோடு இருந்தால், அதைக் கழற்ற எந்தப் பட்டறையிலும் ஸ்பேனர் கிடையாது.

ஆகவே முதலில் காகிதம். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும். அதன்பின் வண்டியை நேரில் காட்டி, ஓடும் தகுதி இருக்கிறதென்று நிரூபித்து, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இரு சக்கர வாகனத்துக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1000 ஆனது. 20 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் 2000 ஆக ஏறியது. இந்தத் தொகை பெரிதில்லை. கெடு தாண்டிய காலத்துக்கான தாமதக் கட்டணம் மாதக் கணக்கில் ஏறியிருக்கும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. வேறு மாநில எண் என்றால் அந்த ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இதையெல்லாம்விடத் தொல்லை தருவது, ஆர்.சி.யில் ஒரு மூலையில் இருக்கும் கடன் குறிப்பு. கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி மூடிப்போய் எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். குறிப்பு மட்டும் சாகாது. விலை பேசுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வந்துவிடுவது நல்லது.

காகிதம் சரி என்றால், அதில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஆர்.எக்ஸ். 100 ஒன்று கிடந்தது. "ஓட்டிட்டு வந்து நிறுத்துனதுதானுங்க தம்பி, பெட்ரோல் ஊத்துனா கெளம்பிரும்" என்றார் தோட்டக்காரர். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் கிரீஸும் மண்ணும் காய்ந்து அப்பியிருந்தன. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நைஸ் எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் சேசிஸ் எண் தாளில் எழும்பி வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுக்கும் அதே பென்சில் பிரிண்ட்தான். அன்று வந்த தாளில் கடைசி மூன்று எண்கள் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக, கொஞ்சம் சாய்ந்து நின்றன. தோட்டக்காரர் அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. அவரும் யாரிடமோ வாங்கியவர்தான். இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பியாயிற்று. எஸ்கார்ட்ஸ் கூட்டணியில் 1985 முதல் 1996 வரை வந்த அந்த 98 சி.சி. வண்டிக்கு இன்று லட்சத்துக்கு மேலும் விலை சொல்கிறார்கள். அந்த விலை இருக்கும்வரை எண்ணைத் தட்டுகிற கைகளும் இருக்கும்.

அடுத்தது எலும்புக்கூடு. கழுத்துக்குக் கீழே ஃபிரேம் குழாயில் பெயின்ட் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் வண்டி முன்பக்கம் பலமாக மோதியிருக்கிறது என்று கொள்ளலாம். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும். பேட்டரிப் பெட்டிக்கு அடியில் கட்டாயம் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். பழைய பேட்டரிகளில் கசிந்த ஆசிட் அந்த இடத்தை உள்ளுக்குள் அரித்திருக்கும். டேங்குக்கு ஒரு சின்ன காந்தம் போதும். தகரத்தில் ஒட்டுவது, பட்டி பூசிய இடத்தில் வழுக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே துரு எவ்வளவு என்பது தெரியும். வண்டி எத்தனை வருடமாகக் கிடக்கிறது என்று விற்பவர் சொல்வதைவிட டயர் சரியாகச் சொல்லும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்; 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். "போன தீபாவளிக்குக்கூட ஓட்டுனோம்" என்கிற கதை அங்கே உடையும்.

இனி, பலரும் அலட்சியம் செய்து பிறகு தவிக்கிற இடம்: காணாமல்போன சின்னச் சாமான்கள். பக்கப்பெட்டி மூடி, ஸ்பீடாமீட்டர், டேங்க் பேட்ஜ், சங்கிலிக் கவசம், பூட்டோடு கூடிய பெட்ரோல் மூடி. இவை இருக்கின்றனவா, அசலா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். இதில் வண்டிக்கு வண்டி வித்தியாசம் பெரிது. சென்னை திருவொற்றியூரில் 1950-களிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த புல்லட்டுக்கு, பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் மாடலாக இருந்தாலும், பெரும்பாலான பாகங்கள் புதிதாகவோ பழையதாகவோ அகப்பட்டுவிடும். மைசூர் ஐடியல் ஜாவாவின் யெஸ்டி கதை வேறு. 1996-இல் தொழிற்சாலை மூடியது. 2022-இல் யெஸ்டி என்ற பெயர் திரும்ப வந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. வந்தது நான்கு ஸ்ட்ரோக் வண்டி, பழைய இரண்டு ஸ்ட்ரோக் ரோட்கிங்குக்கு அதன் சாமான் உதவாது. பெங்களூரு, மைசூர்க்காரர்களின் அலமாரிகளும் புதுப்பேட்டைக் கடைகளின் பரண்களும்தான் கதி. கிக்கரே கியர் லீவராகவும் மடங்கும் அந்த வண்டியில் லீவர் தேய்ந்திருந்தால், கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து விலை சொல்வார். டூப்ளிகேட் வாங்கிப் போடலாம்தான். பேட்ஜ் பொருந்தும், பக்கப்பெட்டி மூடி பொருந்தாது. தகரத்தைத் தட்டித் தட்டி டிங்கர் கூலி அசல் விலையைத் தாண்டும்.

இவ்வளவும் தேறிய பிறகு இன்ஜினுக்கு வரலாம். ஜாம் ஆன இன்ஜினைக் கிக்கரில் ஏறி மிதித்துத் திறக்க நினைப்பவர்கள் கிக்கர் பல்லை உடைப்பார்கள். பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பல பிஸ்டன்கள் விட்டுக்கொடுத்துவிடும். விடாவிட்டால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கிற வேலைதான், உலகம் முடிந்துவிடாது. இரண்டு ஸ்ட்ரோக்கில் கிராங்க் பேரிங்கும் ஆயில் சீலும் கெட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவது பத்திரம்.

கணக்கு என்றதும், மெக்கானிக் சொல்லும் தொகையில் பாதியைக் கூடச் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். குரோமும் பெயின்டும் அவர் கையில் இல்லை, வேறு பட்டறைகளில் இருக்கின்றன. அங்கே தேதியும் சேர்ந்து நீளும். அந்தத் தொகைக்கு அதே மாடலில் ஓடுகிற வண்டி ஒன்று வாங்க முடிந்தால், அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டியாக இருந்தாலொழிய ஓடுகிறதை வாங்குவதே மேல். வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்பவருக்கும் இதே பதில். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்; டிரம் பிரேக் வேறு. திங்கட்கிழமைக் காலை கிண்டிப் பாலத்துக்கு அது ஏற்றதல்ல.

எடுப்பது, விடுவது தவிர மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதைச் சொல்ல மெக்கானிக்குகள் தயங்குவார்கள், அதில் அவர்களுக்கு வரும்படி குறைவு. பளபளப்புக்குப் போகாமல் ஓடவைப்பது மட்டும். டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள்கள், ஒயரிங், டேங்க் கழுவல், கார்புரேட்டர் சுத்தம். பெட்ரோலில் இப்போது எத்தனால் கலப்பு அதிகம் என்பதால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். பெயின்ட்டைத் தொடவே வேண்டாம். திருவொற்றியூரில் தூரிகை பிடித்துக் கையால் இழுத்த தங்கக் கோடு பாதி அழிந்திருந்தாலும், அதன்மேல் அடிக்கும் புதுப் பெயின்ட் வண்டியின் மதிப்பைக் குறைக்கத்தான் செய்யும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த 'விண்டேஜ்' பதிவுக்கும் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். பத்து ஆண்டுகள் செல்லும். தினசரி ஓட்ட அனுமதி இல்லை. அதற்கு வயது போதாத வண்டி என்றால் வழக்கமான ஐந்தாண்டுப் புதுப்பிப்புதான். அதற்கு பிரேக்கும் விளக்கும் ஹாரனும் வேலை செய்தால் ஆயிற்று, குரோமை யாரும் கேட்பதில்லை.