ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ஜூல்?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தது. ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேர் செல்ல முடியாது என்பது ஒரு காரணம். என் தாயாரின் முழங்கால் வலி மற்றொரு காரணம். கோவை நகருக்குள் ஓட்டுவதற்கு ஒரு சிறிய மின்கார் போதும் என்று எண்ணி, விலைப் பட்டியலை வாங்கி வந்தேன். சிக்கல் அப்போதுதான் தொடங்கியது. ஒரே கார் இரண்டு அளவுப் பாட்டரிகளுடன் விற்கப்படுகிறது. பெரிய பாட்டரி வேண்டுமானால் சுமார் ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும். கல்லூரி ஆசிரியனுக்கு அது சிறிய தொகை அன்று.

"பெரியதையே எடுத்துக் கொள்ளுங்கள் சார். நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்றார் விற்பனையாளர். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளோ, "கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாமே, அப்பா!" என்றாள். அன்று இரவு நாங்கள் இருவரும் போட்ட கணக்குதான் இக்கட்டுரை. உங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாத செய்தி ஒன்றே ஒன்றுதான் இதில் வரும்.

முதலில் பாட்டரியின் அளவைப் புரிந்து கொள்வோம். 2022 செப்டம்பரில் வெளிவந்த டாடா டியாகோ மின்காரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் சிறிய பாட்டரி 19.2 கிலோவாட்-மணி; பெரியது 24 கிலோவாட்-மணி. கிலோவாட்-மணி என்பது வேறொன்றும் இல்லை, உங்கள் வீட்டு மின் கட்டணத்தில் வரும் 'யூனிட்' அதுவே. ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 9 யூனிட் ஆற்றல் கிடைக்கும். அப்படியானால் 19.2 யூனிட் பாட்டரி முழுவதிலும் இருப்பது இரண்டு லிட்டர் பெட்ரோலுக்குச் சற்றே கூடுதலான ஆற்றல்தான்! இரண்டு லிட்டரை வைத்துக் கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்?

அக்கார் வெளிவந்தபோது அறிவிக்கப்பட்ட தூரம் சிறிய பாட்டரிக்கு 250 கி.மீ., பெரியதற்கு 315 கி.மீ. இது பொய்யன்று. காரை உருளைகளின் மேல் நிறுத்தி, வகுத்துரைத்த வேகங்களில், ஏ.சி.யை இயக்காமல் ஓட்டிப் பெறும் சோதனை அளவு அது. எல்லாக் கார்களையும் ஒரே முறையில் சோதித்தால்தானே ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்? ஆனால் நம் தெருவில் அதே தூரம் கிடைக்கும் என்று எண்ணினால் தவறு நம்முடையது. நம் தெருவுக்கு நாமே கணக்கிட வேண்டும்.

ஆட்களுடன் சேர்த்துக் காரின் நிறை 1,300 கிலோகிராம் என்று கொள்வோம். நகருக்குள் ஒரு கிலோமீட்டர் செல்ல ஆற்றல் எங்கெங்கே செலவாகிறது?

முதற் செலவு சக்கரங்களுடையது. உருளும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. அதில் ஆற்றல் வெப்பமாகிறது. இத்தடை காரின் எடையில் ஏறத்தாழ 1.2 விழுக்காடு, அதாவது 150 நியூட்டன். விசையைத் தொலைவால் பெருக்கினால் வேலை அல்லவா? 1,000 மீட்டருக்கு 150 கிலோஜூல்.

அடுத்தது காற்று. பாடப் புத்தகத்தில் இல்லாத செய்தி என்றேனே, அது இதுதான்: காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். சிறிய காருக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இத்தடை சுமார் 55 நியூட்டன். நகர நெரிசலில் சராசரி வேகம் இன்னும் குறைவு. ஆகவே கிலோமீட்டருக்கு 50 கிலோஜூல் என்று தாராளமாகவே வைத்துக் கொள்ளலாம்.

மூன்றாவது, நின்று நின்று புறப்படுவது. மணிக்கு 40 கி.மீ. என்பது நொடிக்கு 11.1 மீட்டர். அரை, நிறை, வேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்குங்கள். இயக்க ஆற்றல் 80 கிலோஜூல் என்று வரும். கிலோமீட்டருக்கு இருமுறை நின்றால் 160 கிலோஜூல். பெட்ரோல் கார் ஒவ்வொரு சிக்னலிலும் இந்த 80 கிலோஜூலையும் பிரேக் கட்டைகளைச் சூடாக்குவதில் தொலைத்துவிடுகிறது. மின்காரின் சிறப்பே இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது.

1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நீங்கள் படித்திருக்கிறீர்கள். மின்மோட்டாரும் மின்னியற்றியும் அமைப்பில் ஒன்றே. மின்சாரத்தைக் கொடுத்தால் சுழலும். சுழற்றினால் மின்சாரம் கொடுக்கும். மின்கார் ஓட்டுநர் காலை எடுத்தவுடன், ஓடும் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. மோட்டார் மின்னியற்றியாகிப் பாட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. அப்போது காரின் வேகம் ஏன் குறைகிறது? லென்ஸ் விதியை நினைவுகூருங்கள்: தூண்டப்பட்ட மின்னோட்டம், தன்னைத் தோற்றுவித்த இயக்கத்தையே எதிர்க்கும். இலவசமாக மின்சாரம் தர இயற்கைக்கு மனமில்லை! போகவர ஏற்படும் இழப்புகள் போகப் பாதியளவு ஆற்றல் மீளும் என்று கொண்டால், 160 கிலோஜூலில் 80 திரும்பக் கிடைக்கும்.

இப்போது கூட்டுவோம். 150, 50, மீளாத 80. ஆக 280 கிலோஜூல். மோட்டார் முதலியவற்றின் திறன் 85 விழுக்காடு என்றால், பாட்டரி தர வேண்டியது 330 கிலோஜூல்.

"அவ்வளவுதானா, அப்பா?" என்றாள் மகள். "ஏ.சி.யை மறந்துவிட்டாயே" என்றேன்.

கோடையில் ஏ.சி. சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும். ஏ.சி. கிலோமீட்டர்க் கணக்கில் செலவழிப்பதில்லை. மணிக் கணக்கில் செலவழிக்கிறது. நெரிசலில் சராசரி வேகம் மணிக்கு 20 கி.மீ. என்றால் ஒரு கிலோமீட்டர் கடக்க 3 நிமிடம், அதாவது 180 நொடி ஆகும். அதற்குள் ஏ.சி. 180 கிலோஜூலைத் தின்றுவிடும். டயருக்கு ஆகும் செலவைவிட இது அதிகம்! மொத்தம் 510 கிலோஜூல், அதாவது 0.14 யூனிட். பாட்டரியில் நாம் எடுக்கக் கூடியது 18 யூனிட் என்று கொண்டால் சுமார் 125 கி.மீ. போகலாம். ஏ.சி. இல்லாவிட்டால் 195 கி.மீ. வரை போகும்.

இதே கார் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடினால்? நின்று புறப்படும் செலவு இல்லை. ஏ.சி.க்குக் கிலோமீட்டருக்கு 36 கிலோஜூலே ஆகும். ஆனால் காற்றின் தடை 350 நியூட்டனாகிவிடுகிறது. பிரேக்கில் இழந்ததை மோட்டார் மீட்கலாம். காற்றிடம் இழந்ததை யாராலும் மீட்க முடியாது. கணக்கை நீங்களே முடித்துப் பாருங்கள், 105 கி.மீ.க்கு மேல் வராது. பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலையில் 'மைலேஜ்' கூடும், நகருக்குள் குறையும். மின்காருக்கோ பெரும்பாலும் தலைகீழ். சீராக 60 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் எவ்வளவு வரும் என்பதையும் கணக்கிடுங்கள், வியப்படைவீர்கள்.

எங்கள் வீட்டுத் தேவை என்ன? கல்லூரி, பள்ளி, கடைத்தெரு எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 36 கி.மீ. எதிர்பார்ப்பதோ 125 கி.மீ. பாட்டரி காலப்போக்கில் தேய்ந்து முக்கால் பங்கானாலும் 90 கி.மீ.க்குக் குறையாது. அந்த ஒரு லட்சத்தைக் கொடுத்திருந்தால், நாங்கள் ஒருநாளும் தொடாத 4.8 யூனிட்டைத் தினமும் சுமந்து திரிந்திருப்போம். சிறிய பாட்டரியையே வாங்கினோம்.

எல்லோருக்கும் மின்கார் இலாபம் என்று இதற்குப் பொருளில்லை. மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 0.16 யூனிட் என்போம். காருக்கான யூனிட்டுகள் உங்கள் வீட்டுக் கட்டணத்தின் மேல்படியில்தான் போய் விழும். எனவே யூனிட் 10 ரூபாய் என்றே கொள்ளுங்கள், கிலோமீட்டருக்கு ரூ.1.60 ஆகும். லிட்டர் 100 ரூபாய்ப் பெட்ரோலில் நகருக்குள் 14 கி.மீ. ஓடும் காருக்கு ரூ.7.10 ஆகும். மிச்சம் ரூ.5.50. பெட்ரோல் காரைவிட மின்காருக்கு 3 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதை மீட்க ஏறத்தாழ 55,000 கி.மீ. ஓட்ட வேண்டும். ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 36 கி.மீ. ஓடும் எங்களுக்கு 5 ஆண்டு. நாளுக்கு 10 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு 18 ஆண்டு! அவர் பழைய காரையே வைத்துக் கொள்வது மேல் என்பது என் கருத்து. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

புகையைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 14ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 164 கிராம். நம் நாட்டில் இன்னும் பெரும்பகுதி மின்சாரம் நிலக்கரியிலிருந்தே வருவதால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வெளியாகிறது. 0.16ஆல் பெருக்கினால் 112 கிராம். மின்கம்பி இழப்பைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். குறைவுதான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மின்கார் நம் நாட்டுக்குப் புதிதன்று. பெங்களூரில் உருவான ரேவா என்னும் குட்டிக் கார் 2001இலேயே விற்பனைக்கு வந்தது. லண்டன் தெருக்களிலும் ஓடியது. ஆனால் அதில் இருந்தவை காரீய-அமிலப் பாட்டரிகள். ஒரு கிலோ பாட்டரியில் 35 வாட்-மணிதான் அடங்கும் என்றால், 19.2 யூனிட்டுக்கு எத்தனை கிலோ? 550! லித்தியம்-அயனிப் பாட்டரியில் இதே ஆற்றல் சுமார் 150 கிலோவில் அடங்குகிறது. இதற்கு வழிவகுத்த குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நகரக் காரை மலைக்கு ஓட்டலாமா? உதகையில் என் அக்கா வீடு இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் சுமார் 1,900 மீட்டர் ஏற வேண்டும். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் நிலையாற்றல் 2.4 கோடி ஜூல். அதற்கே 6.7 யூனிட், டயரும் காற்றும் கேட்பது தனி. கோவையிலிருந்து முழுப் பாட்டரியுடன் புறப்பட்டாலும் உச்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்றது கணக்கு. மேட்டுப்பாளையத்தில் சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரம் மின்னேற்றிக் கொண்டு ஏறினோம். திரும்புகையில் உதகையில் 62 விழுக்காடு காட்டிய பாட்டரி, மேட்டுப்பாளையத்தில் 75 காட்டியது! என் தாயார் இன்றும் அதை நம்ப மறுக்கிறார். மலைமேல் பாட்டரியை முழுவதும் நிரப்பிக் கொண்டு இறங்கினால் இது நடவாது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்ற இடம் ஏது? அப்போது வழக்கமான பிரேக்கையே நம்ப வேண்டியிருக்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இதை என் அறியாமையால் கற்றேன். மின்னேற்றத் தனி இயந்திரம் தேவையில்லை. 15 ஆம்பியர் பிளக் போதும். 230 வோல்ட்டை 15 ஆம்பியரால் பெருக்கினால் 3,450 வாட். எங்கள் அன்றாட 36 கி.மீ.க்கு இரண்டு மணி நேரம் ஏற்றினால் போதும். ஆனால் எங்கள் வீட்டு வாசலில் இருந்த பிளக் மிகப் பழையது. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் கருகிய வாடை வந்தது. பிளக்கின் ஒரு துளை பழுப்பு நிறமாகியிருந்தது. தொட்டுப் பார்க்கப் போன மகளைத் தடுத்து, மெயின் ஸ்விட்சை அணைத்தேன். தளர்ந்த இணைப்பின் மின்தடை வெறும் 0.1 ஓம் என்று வையுங்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் 22.5 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் பற்றுக்கோலின் திறன் ஏறத்தாழ இதுதான்! இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் இழுத்துவிட்டு ஓய்வெடுக்கும். கார் இரவு முழுவதும் இழுக்கும்.

மறுநாளே மின்பணியாளரை அழைத்து, மீட்டர் பெட்டியிலிருந்து தடித்த செம்புக் கம்பியும் தனிப் பாதுகாப்பு ஸ்விட்சும் போட்டு, எர்த் இணைப்பையும் சோதித்துக் கொண்டோம். சில ஆயிரம் ரூபாய்தான் செலவு. உங்கள் வீட்டில் மின்கார் வாங்கும் பேச்சு எழுந்தால், கடைக்குப் போகுமுன் வாசலில் உள்ள பிளக்கை நன்கு பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு வாரம், வீட்டார் எங்கெங்கே போய் வருகிறார்கள், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.